வரைபடத்துக் கோடும் வானத்து வழியும்
(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிதம்)

ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட். துருக்கியின் பெருநகர் இஸ்தான்புல். ஐரோப்பாவின் மேற்கிலும் தென்கிழக்கு மூலையிலும் அமைந்த இவ்விரு நகரங்களுக்கிடையே தூரம் எவ்வளவு? விமானத்திற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எளிய வினாக்கள்தாம், ஆயினும் நாம் வகுப்பில் படிக்கும் கணிதம் எங்கே பயன்படுகிறது என்பதை இவை நன்கு காட்டுகின்றன.

தூரம்

மாட்ரிட் 40.4 பாகை வட அட்சத்திலும் 3.7 பாகை மேற்குத் தீர்க்கத்திலும் உள்ளது. இஸ்தான்புல் 41.0 பாகை வட அட்சத்திலும் 28.9 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. அட்சம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கிழக்கே கோடு இழுத்தால் அதுவே குறுக்குவழி என்று தோன்றும். அது சரியன்று. உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில்லாகும். பூமியின் மையத்தின் வழியே செல்லும் தளம் மேற்பரப்பை வெட்டும் வட்டமே பெருவட்டம்.

கோளத் திரிகோணமிதியின் கொசைன் வாய்ப்பாட்டில் மேற்கண்ட எண்களை இட்டால், பூமியின் மையத்தில் இவ்விரு நகரங்களும் தாங்கும் கோணம் ஏறத்தாழ 24.6 பாகை. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் தூரம் சுமார் 2,735 கிலோமீட்டர். இவ்வழி, வரைபடத்துக் கோட்டிலிருந்து நடுவில் 120 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே விலகுகிறது. ஆனால் மிச்சமாவது சுமார் 15 கிலோமீட்டர்தான். தூரம் கூடக் கூட இந்த மிச்சமும் பெருகும்.

நேரம்

விமானத்தின் வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர் எனக் கொண்டால், காற்றில்லாத வானில் 3 மணி 13 நிமிடம் ஆகும். ஆனால் இந்த அட்சங்களில், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அதன் வேகம் 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே செல்கையில் 2 மணி 53 நிமிடம். மேற்கே திரும்புகையில் 3 மணி 39 நிமிடம். போகும்போது கிடைத்த லாபம் 20 நிமிடம். வரும்போது நேர்ந்த நட்டம் 26 நிமிடம். போக வர ஒரே காற்று வீசினால் இரண்டும் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதே இதற்குக் காரணம். ஓடுதளம் வரை நகர்வதற்கும், ஏறி இறங்குவதற்கும் ஆகும் நேரத்தைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடிகாரம்

தீர்க்க வேறுபாடு 32.6 பாகை. பாகைக்கு 4 நிமிடம் வீதம் சூரியன் காட்டும் வேறுபாடு 2 மணி 10 நிமிடம். கடிகாரமோ அரசு ஆணைப்படி நடப்பது. துருக்கி 2016 முதல் ஆண்டு முழுவதும் கிரீன்விச்சுக்கு 3 மணி முன்னே நிற்கிறது. ஸ்பெயின் குளிர்காலத்தில் 1 மணியும் கோடையில் 2 மணியும் முன்னே நிற்கிறது. எனவே பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களைக் கழித்து வருவதைப் பறக்கும் நேரம் என்று கொள்ளலாகாது. குளிர்காலத்தில் கிழக்கே சென்றால் அதிலிருந்து 2 மணியைக் கழிக்க வேண்டும். மேற்கே வந்தால் கூட்ட வேண்டும்.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் இக்கணக்கைப் போட அது தடையாக இல்லை. நிலப்படப் புத்தகமும் மடக்கை அட்டவணையும் போதுமாயிருந்தன. நூலகத்தில் இரண்டும் உள்ளன. வேறு இரு நகரங்களை எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.