பிள்ளைகள் கேட்கட்டும்

ஓய்வுநாள் பள்ளியில் புதிதாக வகுப்பெடுக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சேகரக் கமிட்டியில் உங்கள் பெயர்களை வாசித்தபோது மனம் நிறைந்துபோனது. படிப்பு, வேலை, வீடு என்று எத்தனையோ இருக்க, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிப்பதற்கு முன்பே வந்து நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். பாடப் புத்தகத்தையும் வருகைப் பதிவேட்டையும் கண்காணிப்பாளர் தந்துவிடுவார். அவற்றில் இல்லாத சிலவற்றை நான் எழுதித் தருகிறேன். வரிசை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். முதலாவது மட்டும் முதலாவதாகவே இருக்கட்டும்.

1. பிள்ளையைக் கேட்க விடுங்கள்.

யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பஸ்காவைக் கொண்டாடச் சொல்கிற மோசே, பிள்ளைகள் இது எதற்கென்று கேட்பார்கள், அப்போது எடுத்துச் சொல்லுங்கள் என்கிறார். உபாகமம் 6இலும் மகன்தான் முதலில் கேட்கிறான். யோசுவா 4இல் யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களைச் சுமந்து வந்து நாட்டுகிறார்களே, அது பிற்காலத்தில் பிள்ளைகள் பார்த்துவிட்டு என்ன கல் இது என்று கேட்கவேண்டும் என்பதற்காகத்தான். மூன்று இடத்திலும் கேள்வி பிள்ளையுடையது, பதில் பெரியவருடையது.

நம் வகுப்புகளில் இது தலைகீழாகக் கிடக்கிறது. பேழைக்கு எத்தனை தளம், பவுலின் இன்னொரு பெயர் என்ன என்று நாம் கேட்கிறோம், அவர்கள் ஒப்பிக்கிறார்கள். பரீட்சையில் பரிசும் வாங்குகிறார்கள். பரீட்சை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வேதத்தின் மனிதர்களும் ஊர்களும் சிறுவயதிலேயே மனதில் ஏறுவது பெரிய ஆஸ்தி. ஆனால் வருஷம் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை தானாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால், அதற்குள் என்ன ஓடுகிறது என்று நமக்கு ஒன்றுமே தெரியாது.

அதனால் கதை முடிந்ததும் கடைசிப் பத்து நிமிஷத்தை விட்டுக்கொடுங்கள். "இதுல உங்களுக்கு எது புரியல? எது பிடிக்கல?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதல் சில வாரம் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். உங்களுக்கே சங்கடமாக இருக்கும். பொறுத்திருங்கள், வரும். ஈசாக்கைப் பலியிடக் கூட்டிக்கொண்டு போனது அவங்க அம்மாவுக்குத் தெரியுமா அக்கா? எங்க ஆச்சிக்காக எல்லாரும் ஜெபம் பண்ணினோமே, பிறகு ஏன் இறந்துபோனாங்க? என் கூட்டாளி இந்துக் கோயிலுக்குப் போறவன், ரொம்ப நல்லவன், அவனை ஆண்டவருக்குப் பிடிக்காதா?

இப்படிக் கேட்கிற பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அதட்டிவிடாதீர்கள். பன்னிரண்டு வயதில் இயேசுவை எருசலேம் தேவாலயத்தில் கண்டுபிடித்தபோது, அவர் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் லூக்கா எழுதுகிறார்.

2. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

ஆச்சி இறந்ததைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு, "நல்லவங்களை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்குவார்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து சொல்லாதீர்கள். நல்ல பிள்ளையாக இருக்கவே அந்தக் குழந்தை பயந்துவிடும். அம்மா நல்லவள் என்று நினைக்கும்போதெல்லாம் இரவில் தூக்கம் வராது. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை, எனக்கும் அழுகைதான் வந்தது, லாசரு இறந்தபோது இயேசுவும் அழுதார் என்று சொன்னால் போதும். பிறகு பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

சங்கீதங்களில் பல புலம்பலும் முறையீடும்தான். 88ஆம் சங்கீதம் ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைகளோடு அதை ஒருநாள் வாசியுங்கள். ஆண்டவரிடம் கோபப்பட்டும் பேசலாம் என்று பதினைந்து வயதில் தெரிந்துகொண்டவர்கள், முப்பது வயதில் அடி விழும்போது ஆண்டவரோடு பேச்சை நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். நான் நேசித்து வளர்த்த பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டாளியைப் பற்றிய கேள்விக்கும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். தீர்ப்பு நம் கையில் இல்லை. இயேசு வியந்து பாராட்டிய விசுவாசம் ஒரு ரோம நூற்றுக்கு அதிபதியுடையது, ஒரு கானானியத் தாயுடையது. அவனை ஆண்டவர் நேசிக்கிறார், நீயும் நேசி என்பது நிச்சயமாகச் சொல்லக்கூடிய பதில்.

3. அறிவியல் கேள்வி வந்தால் பயப்படாதீர்கள்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியில் சூரியனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றும் கணக்கைப் பாட்டாகவே வைத்திருக்கிறார். புதிதாகக் கற்ற வான சாஸ்திரம் அவருடைய துதியைக் குறைக்கவில்லை, கூட்டியது. பள்ளிக்கூடப் பாடத்துக்கும் கோயிலுக்கும் சண்டை மூட்டிவிட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையை நிறுத்துவது கொடுமை.

4. தரையில் உட்காருங்கள், வீட்டுக்குப் போங்கள்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் இடத்திலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பத்தாண்டுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியது அந்தக் கைதான். சொல்லிக்கொடுக்க வந்தவர் முதலில் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். நாற்காலியை ஒதுக்கி வைத்துவிட்டு நீங்களும் பாயில் உட்காருங்கள். பிள்ளையின் கண்ணுக்கு நேராக உங்கள் கண் இருக்கட்டும்.

மாதம் ஒரு வீட்டுக்காவது போய் வாருங்கள். அப்பா வெளிநாட்டில் இருக்கிறாரா, தாத்தா பாட்டியிடம் வளர்கிறதா, வீட்டில் குடி இருக்கிறதா என்பதெல்லாம் வகுப்பில் தெரியவராது. "பரம பிதா" என்று நீங்கள் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் மனதில் எந்த முகம் வருகிறது என்று தெரிந்துகொண்டு பேசவேண்டும்.

5. பயமுறுத்தவேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம்.

விபிஎஸ் எனும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாளில் பாட்டும் கண்ணீருமாக எல்லாரும் கையைத் தூக்குவார்கள். பக்கத்துப் பிள்ளை தூக்கியது என்பதற்காகவும் தூக்குவார்கள். எத்தனை கை என்று எண்ணி அறிக்கை எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. சிறுவன் சாமுவேலை ஆண்டவர் மூன்று முறை கூப்பிட்டும் அவனுக்கு யார் குரல் என்று தெரியவில்லை. தேவாலயத்திலேயே படுத்து உறங்குகிற பிள்ளைக்கே அப்படி. ஆசாரியரான ஏலி மூன்று முறையும் திட்டாமல் போய்ப் படு என்றார், கடைசியில் எப்படிப் பதில் சொல்வதென்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். நம்முடைய வேலையும் அவ்வளவுதான். கூப்பிடுகிறவர் வேறொருவர்.

நரகப் படத்தைக் காட்டி ஜெபிக்க வைக்காதீர்கள்.

6. தமிழில் வாசிக்கப் பழக்குங்கள்.

இன்று பல பிள்ளைகள் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். வேதத்தைத் திறந்தால் ஒரு வசனத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள், அதற்குள் வெட்கம் வந்து மூடிவிடுகிறார்கள். 1780இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த பள்ளி. எழுத்துக் கற்பிப்பது நமக்குப் புதிய வேலையில்லை. ஆளுக்கு இரண்டு வசனம் சத்தமாக வாசிக்கட்டும். தப்பினால் மற்றவர்கள் சிரிக்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் ஓசை மனப்பாடத்துக்கு நல்லது. பொருள் புரிய, 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. அசனப் பந்தியைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான் நம் கோயில்களில் அசனம். ஆனால் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் தள்ளிப்போய் உட்காருகிறார்கள், சபைத் தேர்தல் வந்தால் வீட்டில் எந்தச் சாதியின் பெயர் அடிபடுகிறது என்பதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. நல்ல சமாரியன் கதையை எத்தனை படம் வைத்து நடத்தினாலும், பந்தியில் பார்த்ததைத்தான் அது நம்பும். இந்தத் திருநெல்வேலித் திருச்சபையின் ஆறாத புண் இது. எங்கள் தலைமுறையால் ஆற்ற முடியவில்லை. உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையின் சாதியையும் கேட்காதீர்கள், சொந்தக்காரர் பிள்ளைக்கு நாடகத்தில் நல்ல வேஷம் என்று போகாதீர்கள். அசனத்தன்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து உட்காரவைத்து நடுவில் நீங்களும் உட்காருங்கள். யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

8. பாதுகாப்பு.

இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. எந்தப் பிள்ளையோடும் பூட்டிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். முகாமுக்குப் போனால் பெண்பிள்ளைகளோடு பெண் ஆசிரியர் தங்கவேண்டும். அடிக்கவே கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் தொல்லையை உங்களிடம் சொன்னால் முதலில் நம்புங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லலாம். சபைக்குக் கெட்ட பெயர் வரும், உள்ளுக்குள் பேசி முடிப்போம் என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தாலும், கேட்காதீர்கள். சின்னவர்களை இடறப்பண்ணுகிறவர்களைப் பற்றி இயேசு மிகக் கடுமையாகப் பேசியிருக்கிறார்.

9. வாலிபருக்கு வேலை கொடுங்கள், அதிகாரமும் கொடுங்கள்.

திடப்படுத்தல் வரைக்கும் ஒழுங்காக வருவார்கள். பிஷப் கைவைத்து ஜெபித்து, புது உடுப்பில் குடும்பத்தோடு போட்டோ எடுத்ததும், பாதிப்பேர் பிரசங்க நேரத்தில் வெளியே பைக் பக்கத்தில் நிற்பார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டுக் குற்றம் சொல்வதில் பயனில்லை. உள்ளே அவர்களுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம்? நாற்காலி போடுவது, அசனத்துக்கு வாளி தூக்குவது, கிறிஸ்துமஸ் கேரலுக்கு டிரம் அடிப்பது. யோசிக்கும் வேலை ஒன்றும் கிடையாது.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிய 1903இல் முப்பது வயதைத் தொடாதவர். நம் பணம், நம் ஆட்கள், நம் பொறுப்பு என்று தீர்மானித்து, அதைத் தெலுங்கு நாட்டில் செய்தும் காட்டினார்கள். 1912இல் அசரியா தோர்ணக்கல் பிஷப்பாகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார். இன்று முப்பதைத் தொடாத ஒருவர் கமிட்டியில் பேச எழுந்தால், உட்காருப்பா, பெரியவர்கள் பேசட்டும் என்கிறோம்.

உங்கள் பதினேழு வயதுப் பிள்ளைகளைச் சபையின் வரவு செலவு வாசிக்கிற கூட்டத்தில் உட்காரவையுங்கள். நோயாளிகளைப் பார்க்கக் குருவானவரோடு அனுப்புங்கள். ஒரு ஞாயிறு ஜெபக் குறிப்புகளை அவர்களே எழுதட்டும். அவர்கள் சொல்வது நமக்கு வலிக்கலாம். சாமுவேல் முதன்முதலாகக் கேட்ட வார்த்தை ஏலியின் வீட்டுக்கு எதிரான வார்த்தை. மறுநாள் காலையில் ஏலி, ஒன்றையும் மறைக்காமல் சொல் என்று அந்தப் பையனைக் கேட்டு வாங்கினார். சபைப் பெரியவர்களுக்கு நான் கையைப் பிடித்துச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான்.

10. வெளியூர் போகிறவர்களை விட்டுவிடாதீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சென்னை, கோவை, பெங்களூரு என்று போய்விடுகிறார்கள். போகிறவர்களின் பெயர்களைச் சொல்லிச் சபையில் ஜெபித்து அனுப்பச் சொல்லி குருவானவரிடம் கேளுங்கள். போன இடத்தில் ஒரு சபையைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். மாதம் ஒருமுறை போன் பண்ணுங்கள். கோயிலுக்குப் போனியா என்று விசாரிக்கத் தொடங்கினால் அடுத்த முறை எடுக்கமாட்டார்கள். சாப்பாடு எப்படி, அறைத்தோழர்கள் எப்படி என்று கேளுங்கள், மற்றதை அவர்களே சொல்வார்கள்.

11. வீட்டாரோடு சேர்ந்து செய்யுங்கள்.

தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். வாரத்தில் ஒரு மணி நேரம் நம்முடையது, மற்றதெல்லாம் வீட்டினுடையது. அந்த வார வசனத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி அம்மாவிடமோ ஆச்சியிடமோ கொடுத்தனுப்புங்கள். குடும்ப ஜெபம் நீளமாக இருக்கவேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள். பிள்ளை தூங்கி விழுவதற்குள் முடிந்துவிடவேண்டும்.

12. பதிவேடு.

வராத பிள்ளையின் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகாதீர்கள். அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போங்கள். முடியாவிட்டால், அந்தத் தெருவிலிருந்து வருகிற இன்னொரு பிள்ளையிடம் பாடத்தாளைக் கொடுத்து, அக்கா தேடினாங்க, அண்ணன் தேடினாங்க என்று சொல்லச் சொல்லுங்கள்.