அட்டையும் தறியும்: உயிரணுவில் படியெடுக்கும் நொதி

கமண்டல நாகநதிக் கரையிலமைந்த ஆரணியில் தறிக்கூடம் ஒன்றனுள் நுழைவோர், தறியின்மேல் தொடராகத் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைக் காணத் தவறார். சேலையில் வரவேண்டிய மயிலும் மாங்காயும் முதலில் கட்டமிட்ட தாளில் வரையப்பெறுகின்றன. அத்தாள் தறிக்கு வருவதில்லை. அதனைப் பார்த்து அட்டைகளில் துளையிடுவர். தறி அறிவது அத்துளைகளை மட்டுமே. அட்டை நைந்துபோயின் வேறோர் அட்டை ஆயத்தம் செய்துகொள்ளலாம், மூலப்படத்திற்குக் கேடில்லை. உயிரணுவின் செயற்பாட்டை விளக்க இதனினும் பொருத்தமான உவமை நமக்குக் கிட்டவில்லை.

உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. மூலப்படம் எனலாம். ஆர்.என்.ஏ. துளையிட்ட அட்டை, புரதமே நெய்த துணி. மூலத்தைப் படித்து அட்டை செய்யும் தொழிலைப் புரிவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதியாகும். இத்தொழிலை அறிவியல் தமிழில் படியெடுத்தல் என்பர். ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிக் காத்த மரபினர்க்கு இச்சொல் அயலானதன்று.

விலங்குகளின் உட்கருவில் இந்நொதி மூவகைப்படும் என்பதை 1969இல் ராபர்ட் ரோடரும் வில்லியம் ரட்டரும் வெளிப்படுத்தினர். இரண்டாம் வகை, புரதங்களுக்குரிய செய்தி ஆர்.என்.ஏ.க்களைப் படியெடுக்கிறது. மூன்றாம் வகை, அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் சிறு ஆர்.என்.ஏ. முதலியவற்றை ஆக்குகிறது. மனிதரிடத்து இம்மூன்றாம் வகை 17 துணையலகுகள் கூடிய ஒரு கூட்டமைப்பு.

நம் தறிகளில் ஓடும் இழையும் இந்நொதிகளின் உழைப்பே. பட்டுப்புழுவின் பட்டுச்சுரப்பியில் ஒரே ஒரு ஃபைப்ராயின் மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10,000 செய்தி ஆர்.என்.ஏ.க்களும், அவற்றின்வழிச் சில நாள்களில் 100 கோடி புரத மூலக்கூறுகளும் உருவாவதாக 1972இல் சுசுகி, கேஜ், பிரவுன் ஆகியோர் கணக்கிட்டனர். அப்புரதத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கிளைசின், அலனின் என்னும் இரண்டே அமினோ அமிலங்கள். ஆதலின் அவற்றைச் சுமக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் அச்சுரப்பியில் மிகுதியாக வேண்டப்படுகின்றன. மூன்றாம் வகை நொதிக்கு ஓய்வில்லை. கிளைசினுக்குரிய இம்மரபணுக்கள் எவ்வாறு படியெடுக்கப்படுகின்றன என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே.பி. கோபிநாதன் குழுவினர் விரிவாக ஆராய்ந்தனர். ஆடவர் பட்டணிதல் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதாயினும், பட்டுப்புழுவைப் பயில்வதற்கு விலக்கில்லை.

மனித நொதியின் ஓர் உறுப்பை மட்டும் தனியே ஆராய விரும்பின் யாது செய்வது? மனித உடலிலிருந்து அதனைப் போதிய அளவு பிரித்தெடுத்தல் அரிது. எனவே அவ்வுறுப்புக்குரிய மரபணுத் துண்டை ஒரு வளைய டி.என்.ஏ.வில் இணைத்து, இ. கோலி என்னும் நுண்ணுயிருள் புகுத்துகின்றனர். அந்நுண்ணுயிர் பெருகுந்தோறும் மனிதப் புரதமும் பெருகுகிறது. புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஆறினை வரிசையாகச் சேர்த்துவைப்பது வழக்கம். கலவையை நிக்கல் ஏற்றிய குழாயில் ஊற்றினால் அவ்வாறும் நிக்கலைப் பற்றிக்கொள்ள, ஏனையவை வழிந்தோடிவிடும். இவ்வாறு பெறுவதே மறுசேர்க்கைப் புரதம். பட்டுப்புழுவும் இதற்குப் பயன்பட்டதுண்டு: 1985இல் ஜப்பானியர் புழுவைத் தாக்கும் வைரசின் துணைகொண்டு மனித இன்டர்ஃபெரானைப் புழுவின் உடலிலேயே உண்டாக்கினர்.

இறைவனின் படைப்பில் கைவைப்பது தகுமோ எனப் பெரியோர் வினவுதல் கூடும். அவ்வினாவை நாம் எளிதாக ஒதுக்கோம். ஆயினும், நீரிழிவு நோயினர்க்குப் பன்றியின் கணையத்திலிருந்தும் இன்சுலின் எடுக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. நிர்ப்பந்தம் என்று கருதி மனக்கலக்கத்துடன் அதனை ஏற்ற முஸ்லிம்கள் பலர். 1982இல் மறுசேர்க்கை முறையில் ஆக்கிய மனித இன்சுலின் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்ற பின்னரே அக்கலக்கம் தீரத் தொடங்கிற்று. வினாவை எழுப்புவோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

பாலிமரேஸ் துணையலகு மருந்தன்று, ஆய்வுக்கூடப் பொருள். எனினும் நோயாளிக்கு அது தொலைவானதுமன்று. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் ஸ்க்ளிரோடெர்மா நோயில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தப் புரதங்களையே பகையென மயங்குகிறது. நோயினர் சிலரது குருதியில் மூன்றாம் வகைப் பாலிமரேசுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. அத்தகையோர்க்குக் குருதியழுத்தம் திடீரென உயர்ந்து சிறுநீரகம் பழுதாகும் இடர் ஏனையோரினும் மிகுதி. அந்நொதியின் மிகப் பெரிய துணையலகின் ஒரு பகுதியை மறுசேர்க்கை முறையில் ஆக்கிச் சோதனைத் தட்டின் குழிகளில் பூசி, நோயாளியின் குருதிநீரை அதில் இடுகின்றனர். எதிர்ப்பொருள் இருப்பின் அது பூச்சைப் பற்றிக்கொள்ளும். பின்னர்ச் சேர்க்கும் வினைப்பொருளால் நிறம் தோன்றும். அந்நிறம் கண்ட மருத்துவர், அந்நோயாளியின் குருதியழுத்தத்தை அடிக்கடி அளந்துவருமாறு பணிப்பார்.