ஹெக்டேருக்கு ஹெக்டேர்

அன்புள்ள கண்ணு,

"சட்டப்படி அனுமதி வாங்கி, வெட்டின காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நட்டுவிட்டால் கணக்கு சரிதானே மாமா?" என்று எழுதியிருக்கிறாய். சேர்வராயன் மலையில், வாழவந்தியில் இருந்துகொண்டு நீயே இப்படிக் கேட்டால், பட்டணத்துக்காரனை நான் எப்படிக் கோபிப்பது?

கணக்கு சரிதான். எதைக் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்த்தாயா? 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காட்டை வேறு வேலைக்குக் கொடுத்தால், அதே பரப்புக்குக் காடல்லாத நிலம் காட்ட வேண்டும். சில திட்டங்களுக்குச் சீரழிந்த காட்டில் இருமடங்கு நட்டால் போதும். கூடவே பணம்: 2022-இல் உயர்த்திய விகிதப்படி ஹெக்டேருக்கு ஏறத்தாழ 9.5 லட்சத்திலிருந்து 16 லட்சம் ரூபாய் வரை. கிரேட் நிக்கோபார் தீவில் திட்டத்துக்குக் கொடுத்த 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டுக்கு ஈடாக, 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் ஹரியானாவில் மரம் நடலாம் என்றார்கள். வாழவந்தியில் உன் வீட்டை இடித்துவிட்டு, அதே சதுர அடிக்கு ராமேஸ்வரத்தில் மனை தந்தால் வாங்கிக்கொள்வாயா?

"அது எங்கோ தீவு" என்பாய். சரி, நம் சேர்வராயனுக்கே வா. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே பாக்சைட் வெட்டினார்களே, அது கிடப்பது மலையின் தலையில், மேல்மண்ணுக்குக் கீழேயே. தோண்டுவதற்கு முன் உச்சிக் காட்டை வழித்தாக வேண்டும். மழையைக் குடித்து வைத்து ஊற்றாக விடுவதும் அந்த உச்சிதான். அதற்கு ஈடாகச் சமவெளியில் ஆயிரம் வேம்பு நட்டாலும் வளரும். வேம்பு நல்ல மரம். உன் ஊர் ஓடைக்கு அதனால் என்ன வந்தது?

நீ அடுத்து எங்கே போவாய் என்று தெரியும்: "அந்த உச்சிக் காட்டு ஆர்க்கிட்டுகளை ஏற்காடு ஆர்க்கிட் பூங்காவுக்கு மாற்றிவிடலாமே!" செடியை மாற்றலாம். அதன் விதை முளைக்கத் துணை நிற்கிற பூஞ்சையையும் பூவைத் தேடி வரும் பூச்சியையும் எந்த லாரியில் ஏற்றுவாய்? தோட்டத்து சில்வர் ஓக்கைக் காட்டிப் "பச்சைதானே" என்றும் சொல்லாதே. அது ஆஸ்திரேலியாவிலிருந்து நிழலுக்காக வந்த மரம். மிளகுக்கொடி ஏறட்டும், காட்டுக் கணக்கில் சேர்க்காதே.

அதற்காகச் சட்டமே வீண் என்று துள்ளவும் வேண்டாம். உன் அவசரம் எனக்குத் தெரியாததா? ஒடிசாவின் நியமகிரியிலும் இதே பாக்சைட்தான். 2013-இல் உச்ச நீதிமன்றம், சுரங்கம் வேண்டுமா என்ற முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. 2014-இல் மத்திய அரசும் அனுமதி மறுத்தது. ஈட்டுக்கு எத்தனை மரம் என்று அந்த மக்கள் பேரம் பேசவில்லை.

எனவே இனி யாராவது "அனுமதி இருக்கிறது" என்று தாளை நீட்டினால், முத்திரையைப் பார்த்து மலைத்து நிற்காதே. ஈட்டு நிலம் எந்த மாவட்டத்தில், என்ன மரம், கிராம சபை எப்போது கூடியது என்று மூன்றையும் படித்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா