முதலில் சுவர், கடைசியில் கூலர்

யூடியூபில் கூலர் விமர்சனம் செய்பவர்களில் பலர் 21, 22 டிகிரியில் ஏசி ஓடும் அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். "விளையாடும்போது பிராசஸர் 65 டிகிரி" என்று அவர்கள் சொன்னால், சித்திரை மாதத்தில், திருச்செங்கோட்டுப் பக்கம், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் அது 80ஐத் தாண்டும் என்று நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். காற்றில் குளிரும் கூலரோ, தண்ணீர் ஓடும் கூலரோ, இரண்டுக்கும் கடைசியில் கிடைப்பது அறைக் காற்றுதான். அந்தக் காற்றைவிடக் கீழே இறங்க அவற்றால் முடியாது. அறையில் 16 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அதே 16 கூடும். சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் 38, 40 டிகிரியை யாரும் செய்தியாகப் பேசுவதில்லை. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். நாம் விளையாட உட்காருவதும் அந்த நேரத்தில்தான்.

என்னுடையது பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. இன்டெல் ஐ5-12400எஃப், 16 ஜிபி ரேம், முதலில் ஒரு ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டுக்கு 75 வாட் போதும். என்னிடம் இருந்த மாடலுக்குத் தனி ஒயர்கூட வேண்டாம், மதர்போர்டு ஸ்லாட்டே அவ்வளவையும் கொடுத்துவிடும். அதை எடுத்துவிட்டு 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060 போட்டபோதுதான் மின்சாரத்தையும் சூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்தது.

இந்த இடத்தில் பெரும்பாலான பையன்கள் முதலில் வாங்குவது வண்ண விளக்கு போட்ட தண்ணீர் கூலர். கண்ணாடி வழியாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் வேறு வரிசையில் போனேன்: சுவரில் இருக்கும் ப்ளக், பிறகு எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை, பிறகு கேபினெட், எல்லாம் முடிந்த பின் கூலர். நம் ஊருக்கு இந்த வரிசைதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் வீடுகளும் தறிப்பட்டறைகளும் ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்குகின்றன. தறிகள் ஓடும்போது ப்ளக்கில் மல்டிமீட்டர் வைத்தால் 200க்குக் கீழே காட்டும். எல்லாம் நின்றபின் 240க்கு மேல் ஏறும். காலையில் ஒரு தடவை அளந்துவிட்டு "கரண்ட் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லக்கூடாது. நீங்கள் விளையாடும் நேரத்தில், வீட்டில் மோட்டாரும் கிரைண்டரும் ஓடும்போது அளக்க வேண்டும். எப்போதும் குறைவாகவே வந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணில் புகார் பதியுங்கள். 94987 94987. 2021இலிருந்து இயங்குகிறது.

வோல்டேஜைவிட முக்கியம் எர்த். கேபினெட்டின் பின்பக்க இரும்பைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்று இழுக்கிறதா? "ஸ்டேட்டிக்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்குச் சின்னக் கெபாசிட்டர்கள் கட்டியிருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அதில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் முழுவதும் வீட்டு வோல்டேஜில் பாதி, அதாவது 110 வோல்ட் பக்கம் மிதக்கும். மிகச் சின்ன மின்னோட்டம்தான், ஆளை அடித்துப்போடாது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகினால் போர்ட் போக வாய்ப்பு உண்டு. போன போர்ட்டுக்கு வாரன்டி பேச முடியாது.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, ரொம்ப ஏறி நின்றது.

"தம்பி, எர்த்து குழிக்குத் தண்ணி ஊத்தி எத்தன வருசமாச்சுங்?"

அப்பாவுக்குக் குழி எங்கே இருக்கிறது என்பதே மறந்திருந்தது. துளசி மாடத்துக்குப் பின்னால் செங்கல் அடுக்கி மூடிக் கிடந்தது. நம் ஊர் மண் ஆழம் குறைவு, கீழே பாறை. கோடையில் ஈரம் வற்றினால் எர்த்தின் தடை தானாகவே ஏறும். கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, துரு ஏறிய கிளாம்பை மாற்றி, குழியில் தண்ணீர் நிரப்பினார். சுர்ரென்று இழுப்பது அன்றே நின்றது. இப்போது வேப்ப மரத்துக்குத் தண்ணீர் விடும்போது அதற்கும் ஒரு குடம் போகிறது. இந்த அளவீட்டை எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். லைன் இருக்கும் ப்ளக்கில் கம்பி விட்டுப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். கூடவே, கம்ப்யூட்டருக்கு வரும் பவர் கேபிளில் மூன்றாவது பின்னுக்கு உள்ளே உண்மையிலேயே ஒயர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மலிவான சில கேபிள்களில் பின் மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் "450 வாட்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்று போட்ட கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வாட். மீதி வாட்டெல்லாம் இன்றைய கம்ப்யூட்டர் பெரிதாகத் தொடாத 3.3, 5 வோல்ட் கணக்கில் ஒளிந்திருக்கும். 3060க்கு 170, முழு வேகத்தில் 12400எஃப்புக்கு 117 வரை. 216 எப்படிப் போதும்? நல்ல 550 வாட் சப்ளையில் 12 வோல்ட் பக்கம் மட்டும் 540 வாட்டுக்கு மேல் தரும் என்று அந்த ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கும். என்விடியா 3060க்குப் பரிந்துரைப்பதும் 550 வாட்தான். நான் 650 எடுத்தேன், நம் சூட்டுக்காகத்தான்.

அந்தச் சூட்டுக் கணக்கைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. சில சப்ளைகள் 40 டிகிரி வரைதான் முழு வாட் தரும், சில 50 டிகிரி வரை தரும். இது தயாரிப்பாளரின் விவரத் தாளில் இருக்கும். 38 டிகிரி அறையில் கேபினெட்டுக்குள் 40ஐத் தாண்டுவது சாதாரணம் என்பதால் 50 டிகிரி என்று எழுதியிருப்பதையே தேடினேன். 80 பிளஸ் கோல்டு, பிரோன்ஸ் என்பதெல்லாம் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான முத்திரை. அந்தச் சோதனை நடப்பது 23 டிகிரி அளவிலான அறையில். ஷார்ட் ஆனால் சரியாக அணையுமா, கெபாசிட்டர் எத்தனை வருடம் தாங்கும் என்பதை அந்த முத்திரை சொல்லாது.

கோல்டு வாங்கினால் கரண்ட் பில் குறையும் என்பதும் பெரிதாக நம்ப வேண்டிய பேச்சு இல்லை. உள்ளே 300 வாட் இழுக்கும் மெஷின் தினமும் நாலு மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். 85 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 353 வாட், 90 சதவீதத்தில் 333. இரண்டு மாதப் பில்லில் வித்தியாசம் ஐந்து யூனிட்கூட வராது. நான் கோல்டு எடுத்ததற்குக் காரணம் வேறு: அந்த விலையில் வருபவற்றுக்குப் பெரும்பாலும் நீண்ட வாரன்டியும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும் ஆக்டிவ் பிஎஃப்சியும் இருக்கும். தறி ஓடும் நேரத்து 190 வோல்ட்டுக்கு அது தனி ஸ்டெபிலைசர் கேட்பதில்லை.

மாட்டும்போது ஒரே ஒரு கண்டிப்பு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் ஒயர்களைப் புதியதில் செருகவே கூடாது. மதர்போர்டு பக்க முனைகள் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். சப்ளை பக்க முனைகளுக்குப் பொது விதி கிடையாது. பிளாஸ்டிக் அச்சாகப் பொருந்தும், உள்ளே 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வரும். ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அந்த நொடியே போய்விடும். பழைய ஒயர்களைப் பழைய பெட்டியிலேயே போட்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனதைப் பார்த்தவர்களுக்கு, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டாம். இப்போது அந்த நிலை இல்லை என்றாலும், பராமரிப்பு நாளிலும் கோடை மழைக் காற்றிலும் கரண்ட் போகத்தான் செய்கிறது. கரண்ட் அறுந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் இருக்கும் சேமிப்பை வைத்து ஒரு நொடியில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் இன்வெர்ட்டர் மாறிவிட வேண்டும். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அது "யூபிஎஸ்" பக்கம் இல்லாவிட்டால் மாறுவதற்கு நேரமெடுக்கும், கம்ப்யூட்டர் அணைந்து எழும். யூபிஎஸ் பக்கம் வைத்தால் வோல்டேஜ் குறையும்போதே பேட்டரிக்குப் போய்விடும் என்ற தொல்லை உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் சைன் வேவாக இருப்பது நல்லது. சதுர அலையோடு ஆக்டிவ் பிஎஃப்சி சில சமயம் ஒத்துப்போகாமல், கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டரும் போகும். தனி யூபிஎஸ் வாங்குவதானால் 600 விஏ என்பது சுமார் 360 வாட்தான் என்பதை நினைவில் வையுங்கள். மானிட்டரையும் சேர்த்தால் அது திணறும்.

இப்போது கேபினெட். தறி ஊரில் வரும் தூசி பொடியாக வராது, பஞ்சாக வரும். பொடி காற்றோடு வெளியேறிவிடும். பஞ்சு ஃபில்டரிலும் கூலரின் தகடுகளுக்கு நடுவிலும் மெத்தைபோல் படியும். நாமக்கல்லில் லாரி ஓட்டும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைக் கட்டிவிட்டு உள்ளே எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் இன்ஜின் கொதிக்கும் என்று. முன்பக்கம் முழுக் கண்ணாடி வைத்த கேபினெட்டுக்கும் அதே கதிதான். உங்களுடையது எப்படி என்று காசில்லாமல் பார்க்கலாம். அரைமணி நேரம் விளையாடிவிட்டு எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி அதே அளவு மறுபடி விளையாடுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் குற்றம் கூலரில் இல்லை, கேபினெட்டில். எனக்கு இறங்கியது. முன்னால் சல்லடை வைத்த கேபினெட்டுக்கு மாறினேன்.

உள்ளே இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுபவற்றைவிடக் கூடுதலாக இருக்கட்டும். அப்போது இண்டு இடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் போகும். தூசி ஃபில்டர் வழியாக மட்டும் வரும். ஃபில்டருக்கு மேல் இன்னொரு அடுக்காக ஜன்னலுக்கு அடிக்கும் கொசு வலையை வெட்டி, ஓரத்தில் காந்த டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை எடுத்து உதறினால் போதும். உள்ளே சுத்தம் செய்யக் கையடக்கமான எலெக்ட்ரிக் புளோயர் போதுமானது. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்டபடி சுழன்று பேரிங் கெடும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் பிடித்தால் ஒரே நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும் என்று யோசனை சொல்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். லாரி டயருக்கு அது சரி, மதர்போர்டுக்கு வேண்டாம்.

கூலரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 12400எஃப்புடன் வரும் சின்னக் கூலரை எடுத்துவிட்டு, நாலு செம்புக் குழாயும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள டவர் கூலர் போட்டேன். வாங்கும் முன் அதன் உயரத்தையும் கேபினெட்டில் உள்ள இடத்தையும் ஒப்பிட வேண்டும். இந்த ரகத்தில் பல 155 மில்லிமீட்டர் பக்கம் வரும். தெர்மல் பேஸ்ட் ஒரு பச்சைப்பயறு அளவு வைத்து, ஸ்க்ரூவைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். 65 வாட் ரகப் பிராசஸருக்குத் தண்ணீர் கூலர் வீண் செலவு. அதில் பம்ப் என்று இன்னொரு உருப்படி இருக்கிறது, அது நின்றால் எல்லாம் நின்றது. டவர் கூலரில் ஃபேன் போனால் சில நூறு ரூபாயில் வேறு ஃபேன்.

இத்தனைக்குப் பிறகும் அதிகப் பலன் தந்தது காசே செலவாகாத ஒன்று. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்கினேன். எந்தக் கம்பெனிக் கார்டாக இருந்தாலும் அது வேலை செய்யும். விளையாட்டில் குறைந்த வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை, சூடும் சத்தமும் குறைந்தது தெரிந்தது. மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால் 75 ஃபிரேமுக்கு மேல் ஓடவிடாமல் பூட்டியும் வைக்கலாம். காட்ட முடியாத படங்களை வரைந்து அறையைச் சூடாக்குவதில் என்ன லாபம்?

சுவரிலிருந்து கம்ப்யூட்டர் இழுப்பதெல்லாம் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் இறங்குகிறது. ஆகவே ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறேன். ஏர் கூலரைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைப்பவர்கள் கவனிக்க வேண்டும், போர்வெல் தண்ணீரில் ஓடும் கூலரின் சாரல் பட்டால் போர்டில் வெள்ளை உப்புப் படியும்.

இந்தக் கோடை தொடங்கும் முன் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். அப்பா பணம் தருவதாகச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டருக்கு என்று கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டார்.