ஸுஹா: கண் தவறவிடும் நட்சத்திரம்

தொழுகையில் மறதி ஏற்பட்டால் ‘ஸஜ்தா ஸஹ்வு’ உண்டு என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த ‘ஸஹ்வு’ என்ற சொல்லோடு உறவுடைய நட்சத்திரம் ஒன்று வானில் இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதன் பெயர் ‘ஸுஹா’.

காணும் முறை

இதைக் காணக் கருவி வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் நிலவில்லாத ஓர் இரவில், 9 மணியளவில், விளக்கொளி இல்லாத இடத்தில் நின்று வடதிசையை நோக்குங்கள். அகப்பை வடிவில் ஏழு நட்சத்திரங்கள் தெரியும். அரபிகள் அதில் ஒரு ஜனாஸா ஊர்வலத்தைக் கண்டார்கள். நாற்கோணமாக உள்ள நான்கும் ‘நஃஷ்’. அதாவது மையித்தைச் சுமந்து செல்லும் சந்தூக். அதன் பின்னால் வளைந்து வரும் மூன்றும் ‘பனாத்’, அதாவது பெண்மக்கள். எனவே இக்கூட்டத்திற்கு ‘பனாத்து நஃஷ்’ என்று பெயரிட்டார்கள். மூன்று பெண்மக்களில் நடுவில் வருபவளை ஒட்டி ஒரு மங்கலான புள்ளி தெரியும். அதுவே ஸுஹா. நம் நாட்டில் அருந்ததி என்று சொல்வதும் இதைத்தான்.

கண்ணுக்கு ஒரு சோதனை

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ (கி.பி. 903–986) தம் நட்சத்திர நூலில் ஸுஹாவைக் குறிப்பிடுகிறார். மக்கள் இதைக் கொண்டு தங்கள் பார்வையைச் சோதித்து வந்தனர். ஒன்றைக் கேட்டால் வேறொன்றைச் சொல்பவனைப் பற்றி, ‘நான் ஸுஹாவைக் காட்டினால் அவன் சந்திரனைக் காட்டுகிறான்’ என்று கூறுவது அரபிகளின் வழக்கம்.

ஸுஹாவுக்கும் பக்கத்து நட்சத்திரத்துக்கும் உள்ள இடைவெளி, முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். எனவே நல்ல பார்வையுடையவருக்கு இரண்டையும் பிரித்துக் காண்பது கடினமன்று. ஆனால் பக்கத்து நட்சத்திரம் ஸுஹாவைவிடப் பல மடங்கு ஒளியுடையது. பார்வை அந்தப் பிரகாசத்திலேயே நின்றுவிடுகிறது. ஸுஹாவுக்கும் மங்கலான துணை நட்சத்திரம் ஒன்று உண்டென்பது 2009-ல்தான் கண்டறியப்பட்டது.

பெயர் தரும் பாடம்

இப்னு மன்ளூரின் ‘லிஸானுல் அரப்’ அகராதியில் ஸஹ்வு, ஸுஹா இரண்டும் ஒரே வேர்ச்சொல்லின் கீழ் வருகின்றன. ஸஹ்வு என்றால் கவனம் தவறுதல். ஸுஹா இல்லாமல் போவதில்லை. நம் கண்தான் அதைத் தவறவிடுகிறது. நம் தொழுகையிலும் இப்படித்தான் நேர்கிறது. கடைக் கணக்கும் அடுப்படி வேலையும் பிரகாசமாக நிற்க, ஓதிக்கொண்டிருக்கும் சூரா மங்கிவிடுகிறது.

இதற்காக மனம் உடைந்துவிட வேண்டாம். லுஹர் அல்லது அஸர் தொழுகை ஒன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டார்கள். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் பேசத் தயங்கி நின்றார்கள். துல்யதைன் (ரலி) என்ற ஸஹாபி துணிந்து கேட்டார். நபியவர்கள் மற்றவர்களிடமும் விசாரித்து, விடுபட்டதைத் தொழுது, இரண்டு ஸஜ்தாக்கள் செய்தார்கள். தொழுகைக்குள் நேரும் மறதிக்கு இவ்வாறு பரிகாரம் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஸலாமுக்கு முன்பும், ஹனஃபீ மத்ஹபில் ஒரு ஸலாமுக்குப் பின்பும் இதைச் செய்வர்.

ஆனால் அல்மாஊன் சூராவின் ஐந்தாம் வசனம் கண்டிக்கும் ‘ஸாஹூன்’ வேறு வகையினர். அவர்கள் தொழுகைக்குள் மறந்தவர்கள் அல்லர், தொழுகையையே பொருட்படுத்தாதவர்கள். அச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே! முன்னதற்கு அஞ்சி, பின்னதை அலட்சியம் செய்வோர் நம்மில் எத்தனை பேர்!

பெற்றோர்களே! ஓர் இரவு இஷாவுக்குப் பின் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று ஸுஹாவைக் காட்டுங்கள். கண்டுபிடித்த பிள்ளையிடம் அதன் பெயருக்குப் பொருள் கேளுங்கள். பிறகு, அன்றைய ஐந்து வேளைகளில் எது தவறியது என்று அவரவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும், நாமும் கேட்டுக்கொள்வோம். அல்லாஹ் நம் தொழுகைகளை ஏற்றருள்வானாக! ஆமீன்.