சட்ட ஆலோசனை: எந்தப் பிரிவில் வழக்கு?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு 19 வயது. ஒரு பெரிய கடையில் 1,850 ரூபாய் விலையுள்ள சென்ட் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பணம் கட்டாமல் வெளியேறும்போது பிடிபட்டான். மேலாளர் அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, என்னிடம் 20,000 ரூபாய் கேட்டார். நான் மறுக்கவே போலீசில் புகார் கொடுத்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
- ஒரு தந்தை, திருச்சி

பதில்: தங்களுக்கு இவ்வாறு யோசனை சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள், ஆயினும், ஒரே நாளில் முடிவது நீதிமன்ற அலைச்சலேயன்றி, குற்றவாளி என்ற தீர்ப்பு பின்னாளில் விளைவிக்கும் சங்கடங்கள் அல்லவாதலால், அதற்கு அவசரப்படலாகாது என்பதே என் அபிப்பிராயம்.

முதல் தகவல் அறிக்கையின் பிரதியைப் பெற்று, அதில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏனெனில் வழக்கின் கதி பெரும்பாலும் அந்த எண்ணைப் பொறுத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2)-ஆம் பிரிவு, சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறைவாசமோ அபராதமோ இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. எனினும் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாயிருந்து, முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் கிரயத்தையோ திருப்பிக் கொடுக்கும் பட்சத்தில், சமூக சேவையே தண்டனை என்று பழைய சட்டம் அறியாத ஒரு தயையை அதே பிரிவு காட்டுகிறது. இத்தகைய வழக்கில் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். நடுவரின் உத்தரவின்றிப் போலீசார் புலன்விசாரணை செய்யவும் இயலாது.

இதற்கு மாறாக, பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தினுள் நிகழ்ந்த திருட்டு என்று 305-ஆம் பிரிவு குறிக்கப்பட்டிருக்குமாயின், தண்டனை ஏழாண்டு வரை நீளும். சமூக சேவைச் சலுகையும் அதில் இல்லை. கடைத் திருட்டுகளில் இப்பிரிவைச் சேர்ப்பதற்கு இடமுண்டாகையால், அதை ஆட்சேபிக்கத் தங்கள் வழக்கறிஞர் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

303(2) மாத்திரமே என்றால், கடை உரிமையாளர் இசையும் பட்சத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆம் பிரிவின்படி நடுவர் முன்னிலையிலேயே சமரசம் செய்துகொள்ளலாம். அது சட்டத்தின் கண்ணில் விடுதலைக்குச் சமானம். சமூக சேவையோ எத்துணை இலேசாகத் தோன்றினும் தண்டனையே. 305 என்றாலும் வழி அடைபடவில்லை. சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின்கீழ் வழக்கை ரத்துச் செய்யக் கோரலாம். மேலாளர் கேட்ட தொகைக்குச் சட்ட ஆதாரம் ஏதுமில்லை. அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் அதிகாரமேயன்றி வியாபாரியின் அதிகாரமன்று. அவர் எழுதி வாங்கிய காகிதம் அச்சுறுத்திப் பெறப்பட்டதாயின், அதையும் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சமரசம் கைகூடாமல் குற்றம் நிரூபணமானாலும், 1958-ஆம் வருஷத்துக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, 21 வயது நிரம்பாதவருக்குச் சிறைத்தண்டனை விதிக்குமுன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று, சிறை ஏன் அவசியம் என்பதற்குக் காரணம் எழுதியாக வேண்டும். இங்கே கணக்கிடப்படுவது குற்றம் நடந்த நாளின் வயதன்று, தீர்ப்பு நாளின் வயது. ஆகவே வாய்தா மேல் வாய்தா வாங்கிக் காலங்கடத்துவது தங்கள் மகனுக்கு அனுகூலமாகாது. அச்சட்டப்படி எச்சரிக்கையோடோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்படுபவருக்கு, தீர்ப்பினால் நேரும் தகுதியிழப்பையும் அதன் 12-ஆம் பிரிவு நீக்கிவிடுகிறது.

பிற்பாடு அரசாங்க உத்தியோகத்துக்கு மனுச் செய்யும்போது, விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் இவ்வழக்கை மறைக்கலாகாது. இளமையில் நேர்ந்த அற்பக் குற்றங்களை வேலை கொடுப்பவர் மன்னிக்க இடமுண்டென்றும், மறைத்தல் தனியே நியமனத்துக்குப் பாதகமாகக்கூடும் என்றும் உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் விளக்கியிருக்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் வேண்டுமாயின், விசாரிக்கும் நீதிமன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அந்த உத்தரவை மனுவோடு சேர்க்க வேண்டும்.