மூளைக் கட்டியும் எம்.ஆர்.ஐ. படமும்

"மூளைக்குள் கட்டி" என்று கேட்டவுடனேயே குடும்பம் முழுவதும் மனமுடைந்து போவதை எமது கிராமங்களில் காண்கிறோம். கட்டி என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கும். அவற்றைப் பிரித்தறிய எம்.ஆர்.ஐ. படம் எவ்வாறு உதவுகிறது என்று பார்ப்போம்.

இது எக்ஸ்ரே அல்ல. எமது உடலின் பெரும்பகுதி நீர். அந்நீரிலுள்ள ஐதரசன் கருக்கள் வலிய காந்தத்தினுள் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையொன்று அவ்வொழுங்கைக் கலைக்கிறது. அவை பழைய நிலைக்கு மீளும்போது எழும் சமிக்ஞையைக் கொண்டு கணினி படத்தை அமைக்கிறது. இயந்திரம் பலத்த தட்டுச் சத்தம் போடும். பயப்பட வேண்டியதில்லை, அசையாமற் படுத்திருந்தாற் போதும். கட்டியைச் சூழ்ந்த வீக்கம் ஒருவகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கடோலினியம் கலந்த மருந்தை நாளத்தில் ஏற்றினால், இரத்தக் குழாய்களின் தடுப்பு பழுதடைந்த இடம் ஒளிரும்.

வைத்தியர் முதலிற் கவனிப்பது கட்டி இருக்கும் இடத்தையே. மூளையின் உறையிலிருந்து வளர்ந்து, மூளையை வெளியிலிருந்து தள்ளிக்கொண்டு, சீராக ஒளிருமானால் அது மெனிஞ்சியோமாவாக இருக்கலாம். பெரும்பாலும் அது புற்றுநோயல்ல. மூளைக்குள்ளேயே, நடுப்பகுதி இறந்து, ஓரம் தடித்த ஒழுங்கற்ற வளையமாக ஒளிர்ந்தால் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய வகையைச் சந்தேகிப்பர்.

ஆனால் வளையமெல்லாம் புற்றுநோயல்ல. காசநோய்க் கட்டியும் சீழ்க்கட்டியும் வளையமாகவே தெரியலாம். காசநோய்க் கட்டி பெரும்பாலும் மருந்தாலேயே கரையும். தடித்த சீழினுள் நீர் எளிதில் நகராது. அந்நகர்வை அளக்கும் தனிப் படத்தில் சீழ் வெள்ளையாகத் தெரிவது வைத்தியருக்கு ஒரு துப்பு. ஆகவே வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்ததையோ, காதிற் சீழ் வடிந்ததையோ வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பல வேளைகளில் இழையத்தை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்த பின்னரே நோயின் பெயர் உறுதியாகும்.

எம்மவர் மறக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. 2009 வரை நீடித்த யுத்தத்தின் ஷெல் துண்டுகளை உடலிற் சுமப்போர் குடாநாட்டில் இன்றும் இருக்கிறார்கள். உருக்குத் துண்டைக் காந்தம் இழுக்கும்; கண்ணிலோ மூளைக்கு அருகிலோ இருந்தால் ஆபத்து பெரிது. "பழைய காயம் தானே, ஆறிவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள். முன்கூட்டியே சொன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவையானால் சீ.ரீ. ஸ்கானுக்கு மாற்றுவர். இருதயத்திற் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் சிறுநீரக நோயாளரும் அவ்வாறே அறிவிக்க வேண்டும்.

வளர்ந்தவருக்குப் புதிதாக வலிப்பு, விடியற்காலையிற் சத்தியுடன் தலையிடி, நாளுக்கு நாள் ஒரு பக்கக் கைகால் சோர்வு என்பன கண்டால், நூல் கட்டுவதோடு நின்றுவிடாமல் அருகிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால் பழைய துண்டுகள், படங்கள் அனைத்தையும் கையோடு கொண்டு போங்கள்.